அதிகம் ஓடாத வண்டி

அந்தம்மா என் வியாபாரத்தை ஏழு முறை கெடுத்தார். ஏழு முறையும் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் பதினெட்டு வருடமாகப் பழைய கார் வாங்கி விற்கிறேன். விற்கிறவன் பொய் சொல்வான், வாங்க வருகிறவன் பொய் சொல்வான், நடுவில் நிற்கிற நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வேன். தொழில் அப்படித்தான் நடக்கிறது. இதில் ஒருத்தர் மட்டும் உண்மை பேச ஆரம்பித்தால் மற்ற இரண்டு பேரும் எங்கே போய் நிற்பது?

வண்டி திண்டிவனத்தில் இருந்தது. இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். பாட்டில் பச்சை நிறம். மூக்கு நீளமாக, பின்பக்கம் குட்டையாக, தரையோடு தரையாகக் கிடக்கும். சைக்கிளுக்கு இருப்பதுபோல சக்கரத்தில் கம்பிகள். மேலே தகரக் கூரை கிடையாது, இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு துணிக் கூரைதான். ஊரில் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர். அந்தம்மாவின் அண்ணன் சென்னையில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் அதை வாங்கித் திண்டிவனத்துக்கு ஓட்டி வந்தார். அவர் இறந்த பிறகு தங்கை ஓட்டினார். இன்னொருத்தர் கை அதில் படவில்லை. பெயின்ட் கண்ணாடிபோல இருந்தது. மரத்தால் செய்த ஸ்டியரிங்கில் ஒரு கீறல் கிடையாது. இப்படி ஒரு வண்டியை என் பதினெட்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அந்தம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகன் விழுப்புரத்தில் அரசாங்க வேலையில் இருந்தான். திண்டிவனத்து வீட்டை விற்றுவிட்டு அத்தையைத் தன்னோடு வைத்துக்கொள்வதாக முடிவு. அவன் இருந்தது மாடிப் போர்ஷன். கீழே ஒரு மொபெட் நிறுத்தவே சண்டை. அதனால் பங்குனி முடிவதற்குள் வண்டியை விற்றாக வேண்டும்.

"வித்தா சரிங்க. இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம். அத்தைகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

கெட்டவன் இல்லை. இடம் இல்லாதவன்.

தை மாதம் நான் முதல்முறை போனபோது அந்தம்மா ஷெட் கதவைத் திறந்துவிட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"வெல என்ன வந்தாலும் சரி. ஓட்டறவங்களுக்குக் குடு. வாங்கி நிறுத்தி வெக்கறவனுக்கு வேணாம்."

"சரிம்மா."

"நீ மீட்டர் திருப்புவியா?"

கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பின்னால் திருப்பி, வண்டி குறைவாக ஓடியதுபோலக் காட்டுவதைக் கேட்டார். வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எல்லாரும் பண்றதுதாம்மா."

"நீ பண்ணுவியான்னு கேட்டேன்."

"பண்ணுவேன்."

"இதுல பண்ணாத" என்றார். அதோடு விட்டுவிட்டார். ஒரு அறிவுரை இல்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. டீ போடப் போய்விட்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதில் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. மீட்டரில் பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. அத்தனை வருடத்துக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த ஒரு எண்ணைச் சொல்லியே விற்றுவிடலாம் என்று நினைத்தேன். முதலில் வந்தவர் புதுச்சேரிக்காரர், மில் வைத்திருப்பவர். மீட்டரைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"பத்தொம்பதாயிரம் கிலோமீட்டர்தானா!"

"கிலோமீட்டர் இல்ல" என்றார் அந்தம்மா. "மைல். இங்கிலாந்து வண்டி. கிலோமீட்டர்னா முப்பத்தோராயிரத்து இருநூத்தி நாப்பது."

நான் அவசரமாக, "அதுவும் கம்மிதான் சார்" என்றேன்.

"இன்னும் இருக்குது" என்றார் அந்தம்மா. "நடுவுல ஆறு மாசம் மீட்டர் கேபிள் அறுந்து போச்சு. அந்த ஆறு மாசத்துல ஏழு வாட்டி எடுத்தேன். ஏழும் மயிலம் போய் வந்தது. வாட்டிக்குப் பதினாறு மைல். நூத்திப் பன்னண்டு மைல் சேத்துக்குங்க."

புதுச்சேரிக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு அம்மா தானாக வந்து இவ்வளவு சொல்கிறார் என்றால் சொல்லாதது எவ்வளவு இருக்குமோ என்று பயந்துவிட்டார். அவர் போனபிறகு நான் ஷெட்டில் நின்று கத்தினேன்.

"அந்த நூத்திப் பன்னண்டு மைல யாரும்மா கேட்டாங்க?"

"அவருதான் எவ்ளோ ஓடிச்சுன்னு கேட்டாரு."

இரண்டாவது வந்தவர் சென்னைக்காரர். பழைய கார்களைச் சேர்க்கிற ஆள், ஐந்தாறு வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டுகிறவர், இவருக்குத்தான் அமையும் என்று நினைத்தேன். அவர் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரிஜினல் பெயின்டா?" என்றார். இடது கதவு மட்டும் இல்லை என்று அந்தம்மா சொன்னார். ஒலக்கூர் பக்கத்தில் ஒரு எருமை முட்டியதாம். எருமை மீது தப்பு இல்லையாம், இவர்தான் ஹாரன் அடித்து அதை மிரட்டிவிட்டாராம். அந்தக் கதவு வித்தியாசம் சென்னைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. சென்னைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் யோசிக்கிறார்.

மூன்றாவது கெடார் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி. அந்த வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நன்றாக விளைந்திருந்தது. மகன் கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இந்தக் காரில் ஊர்வலம் விட வேண்டும், அப்புறம் மகனே வைத்துக்கொள்வான் என்றார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரொம்பப் பிடித்துவிட்டது.

"இதுல எத்தினி பேரு குந்தலாம்?"

"ரெண்டு பேரு" என்றார் அந்தம்மா.

"மாப்ள ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. சரியாப் போச்சு." கொஞ்ச நேரம் கழித்து அவர் நெற்றி சுருங்கியது. "அப்ப ஓட்டறவன் எங்க குந்துவான்?"

"மாப்பிள்ளைதான் ஓட்டணும்."

"யம்மா, அவனுக்கு சைக்கிளே தகராறு. மாலையப் போட்டுக்கினு இத ஓட்டுனா பந்தல்ல போய் வுட்ருவான்."

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் அவர் சிரித்து நான் முதல்முறை பார்த்தேன். பிறகு, "கல்யாணத்துக்கு ஒரு பெரிய வண்டி வாடகைக்கு எடுங்க. இது எதுக்கு உங்களுக்கு?" என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்த நாலு பேரும் சேர்த்து எல்லோரும் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி இருந்தது. இத்தனை வருடத்தில் ஏன் இவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறது? பொத்திப் பொத்தி வைத்திருந்தோம் என்று சொல்லுங்கள் என அந்தம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் சொன்னது இது:

"வெயில்ல சீட்டு சுடும். மழையில கூரை ஒழுகும். மார்கழி, தை ரெண்டு மாசம் காலையில ஓட்டலாம். சுகமா இருக்கும். மீதி நாளெல்லாம் நிக்கும். நம்ம ஊருக்கு லாயக்கில்லாத வண்டி."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

அந்தம்மா அப்படித்தான் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் போய் மாட்டிக்கொண்டேன். அவர் முப்பத்து நான்கு வருடம் திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தவர். ஒரே அறை, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பெஞ்சு. சுற்றுப்பட்டு ஊர்களில் லேப்பம்மா என்றால் தெரியும். முடிவை எழுதிய காகிதத்தை மடித்துக் கவரில் போட்டுக் கொடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. எதிரில் உட்காரவைத்து வாயால் படிப்பார்.

பல வருடத்துக்கு முன் ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே ஒருத்தன் சர்க்கரை பார்த்துவிட்டு நின்றான். முன்னூற்றுப் பன்னிரண்டு.

"யம்மா, ஊட்ல கத்துவாங்க. கொஞ்சம் கம்மி பண்ணி எழுதிக் குடுங்களேன்" என்று கெஞ்சினான்.

"கம்மி பண்றத நீ திங்கறதுல பண்ணு. பேப்பர்ல எதுக்கு?"

நான் அன்று என் அப்பாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பா அப்போது நடக்கவே சிரமப்பட்டார். வயிறு உப்பியிருந்தது. மூன்று இடத்தில் காட்டியாகிவிட்டது. மூன்று இடத்திலும் கேஸ் தொந்தரவு என்றார்கள். எங்களுக்கும் அதுதான் கேட்க வசதியாக இருந்தது. அந்தம்மா ரத்தம் எடுத்தார். மறுநாள் காகிதத்தை வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஈரல் கெட்டுப் போச்சுங்க. டாக்டர் மத்தத சொல்வாரு. குடிய விடணும்."

வெளியே வந்ததும் என் சித்தப்பா அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒரு நோயாளியிடம் இப்படியா முகத்துக்கு நேராகச் சொல்வது, மனசு விட்டுவிட மாட்டாரா என்று. அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஒரு டீ வாங்கச் சொல்லி, பாதி குடித்துவிட்டு, "அந்தப் பொம்பள ஒண்ணுதான்டா என்ன ஆளா மதிச்சு பேசிச்சு" என்றார். குடியை விட்டாரா என்றால் விடவில்லை. இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடத்தில் நிலத்தைப் பிரித்து எழுதினார், தங்கைக்குக் கல்யாணம் முடித்தார், பேசாமலிருந்த அண்ணனோடு போய்ப் பேசினார். கேஸ் என்று நம்பிக்கொண்டிருந்தால் இதில் எதையும் செய்திருக்க மாட்டார்.

அதனால்தான் அண்ணன் மகன் கூப்பிட்டதும் போனேன். இல்லாவிட்டால் மொட்டைக் காரெல்லாம் என் தொழில் இல்லை.

வண்டியை விற்க வேண்டிய நிலைமையைக்கூட அந்தம்மா தன் வாயாலேயே தேடிக்கொண்டார். கண்ணில் நீர் அழுத்தம். நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். டாக்டர் இவரோடு பல வருடம் பழகியவர், தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போடப் போனார்.

"நிறுத்துங்க டாக்டர்" என்றாராம் அந்தம்மா. "எனக்குப் பக்கத்துல வர்றது தெரியல. அத எழுதுங்க."

"எப்பவோ ஒரு வாட்டி எடுக்கறீங்க. அதுக்குப் போய்..."

"இடிக்கறதுக்கு ஒரு வாட்டி போதும்."

அன்றோடு லைசென்ஸ் போயிற்று. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுக்குள்ளிருந்து வாசல் கேட் வரைக்கும் இருபது அடி முன்னால் ஓட்டுவார், இருபது அடி பின்னால் ஓட்டுவார். அரைமணி நேரம் இதையே செய்வார். பிரேக் ஒட்டிக்கொள்ளக் கூடாது, என்ஜினுக்குள் எண்ணெய் சுற்ற வேண்டும் என்பார். ஒரு நாள் அந்த நேரத்தில் நான் போய்விட்டேன். கேட்டருகே நின்று பார்த்தேன். முன்னால் வரும்போது அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நெடுஞ்சாலையில் போகிற முகம் அது. கேட் வந்ததும் பிரேக் போட்டுவிட்டு, ரிவர்ஸ் கியர் போட்டார். எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் விலை பற்றி ஏதோ எரிந்து விழுந்துவிட்டு வந்தேன்.

மாசி மாதம் பேனர் போட்டேன். வாசலில் கட்டிவிட்டால் சென்னை போகிறவன் வருகிறவன் பார்ப்பான் என்று நினைத்தேன். விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனிடம் எழுதிக் கொடுத்தது: 'விற்பனைக்கு. அதிகம் ஓடாத இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்.' அவன் கார் படத்தைப் பெரிதாகப் போட்டான். எழுத்துக்கு இடம் பத்தவில்லை. ஒரு வார்த்தையை எடுத்துவிட்டான். எந்த வார்த்தை? 'அதிகம்'.

திண்டிவனத்து வாசலில் 'ஓடாத இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்' தொங்கியது. நான் பார்க்கவில்லை. கட்டியவனும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் போகிறேன், வாசலில் ஒரு மினி லாரி நிற்கிறது. அதில் கேஸ் சிலிண்டரும் இரும்பு அறுக்கிற சாமான்களும். பழைய இரும்பு எடுக்கிறவர் ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். லுங்கி, காதில் பென்சில்.

"யம்மா, இன்னா வெயிட்டு வரும்?"

"தொள்ளாயிரத்து இருவது கிலோ" என்றார் அந்தம்மா. "அதுல பெட்ரோல் இருக்குது, அத கழிச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் சில பாகம் அலுமினியம்."

நான் வாசலுக்குப் போய்ப் பேனரைப் பார்த்தேன். அந்தம்மாவிடம் ஓடினேன்.

"ஏம்மா, இந்த ஆளு அறுக்க வந்திருக்கான்! நீங்க இன்னாத்துக்கு அலுமினியக் கணக்கு சொல்லிக்கினு இருக்கீங்க?"

"கேட்டாரு, சொன்னேன்."

"பேனர்ல தப்பா அடிச்சிட்டான்!"

"எட்டு மாசமா ரோட்டுக்குப் போகல. ஓடாத வண்டிதானே. தப்பு என்ன இருக்குது?"

இரும்புக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது ஓடுமாம்மா?"

அந்தம்மா உள்ளே ஏறி உட்கார்ந்தார். சோக் கம்பியை இழுத்தார், சாவியைத் திருப்பினார். இரண்டாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க அந்தச் சத்தம். கரகரவென்று, தடிமனான சத்தம். இரும்புக்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இன்னாம்மா இது, உசுரோட இருக்குது. நான் செத்ததத்தான் அறுப்பேன். இத அறுத்தா கை வெளங்காது" என்றார். போகும்போது என்னிடம், "யோவ், எழுத்து தெரியாத எனக்கே என் பையன் படிச்சுச் சொன்னான். நீ படிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் இரும்பு எடுக்கிறவர் ஊரில் அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. அண்ணன் மகன் வேறொருத்தனிடம் பேசி வைத்துவிட்டான். பங்குனி இருபது தாண்டியது. அந்தம்மா ஷெட்டில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தார். சாமான் கட்டுகிற வேலை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. அவர் எதையும் கட்டவில்லை.

அந்த வாரம்தான் எனக்கு மரக்காணம் தாண்டிக் கடலோரத்தில் ரிசார்ட் வைத்திருக்கிற ஒருத்தர் போன் செய்தார். வண்டியின் படத்தைப் பார்த்தேன், பிடித்திருக்கிறது, கேட்ட விலை தருகிறேன் என்றார். எவ்வளவு ஓடியது என்று கேட்கவில்லை. கதவு ஒரிஜினலா என்று கேட்கவில்லை. வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்றார்.

அந்தம்மாவிடம் போய், "ஆள் கெடச்சாச்சும்மா" என்றேன்.

"ஓட்டுவாரா?"

இரும்புக்குப் போவதைவிட நிற்பது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ஓட்டுவாரும்மா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடலோரமா ஒரு ரவுண்டு போவாராம்" என்றேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். தொழில் பழக்கம்.

அந்தம்மாவின் முகம் தெளிந்தது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். சோக் எவ்வளவு இழுக்க வேண்டும், குளிர்காலத்தில் எவ்வளவு, எந்த கியர் முரண்டு பிடிக்கும், எந்த இடத்தில் எண்ணெய் கசியும். கண்ணுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதி, வண்டிக்குள் டாஷ்போர்டு பெட்டியில் வைத்தார். மறுநாள் வண்டியை ஏற்ற லாரி வந்தது.

"லாரி எதுக்கு? ஓட்டிக்கினே போகலாமே?"

"புது ஆளு, அவ்ளோ தூரம் வேணாம்னு சொன்னாரும்மா."

இரண்டாவது பொய். அந்தம்மா தலையாட்டினார். முப்பத்து நான்கு வருடம் ஊராருடைய ரத்தத்தில் இருப்பதையெல்லாம் கண்டுபிடித்த அந்தம்மா என் முகத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. கண் சரியில்லை என்பது ஒன்று. ஒருத்தன் இப்படிச் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவில்லை என்பது இன்னொன்று.

ஆடி பிறந்த சமயம் ஒரு வேலையாக மரக்காணம் பக்கம் போனேன். ரிசார்ட் வழியில் இருந்தது. நிறுத்திப் பார்த்தேன். சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் வண்டியை ஏற்றி வைத்திருந்தார்கள். உச்சி வெயில். துணிக் கூரையைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார்கள். சக்கரக் கம்பிகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. டிரைவர் சீட்டில் பெரிய கரடி பொம்மை ஒன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். மடித்து வைத்த காகிதம் மடித்தபடியே இருந்தது.

நேரே விழுப்புரம் போனேன். மாடிப் போர்ஷன். அந்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். நான் நின்றபடியே சொன்னேன்.

"வண்டி ஓடலம்மா. நிக்குது. நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

"எத்தினி நாளா நிக்குது?"

"மூணு மாசமா."

"நாள்ல சொல்லு."

"தொண்ணூத்தி நாலு நாளு."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கீழே யாரோ மொபெட்டுக்குச் சண்டை போட்டார்கள்.

"சொல்லிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப இரும்புக்குப் போயிருக்கும்மா!" என் குரல் உயர்ந்துவிட்டது. "அதுக்குத்தான் சொன்னேன்!"

"போயிருக்கும். அத நான்ல முடிவு பண்ணணும்? என் வண்டி. நீ எதுக்கு எனக்குப் பதிலா முடிவு பண்ண?"

அப்பாவிடம் கேஸ் என்று சொன்ன மூன்று பேரையும் நான் பல வருடம் திட்டியிருக்கிறேன். அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"செருப்பு எங்க இருக்குது பாரு. கெளம்பு."

என் வண்டியில்தான் போனோம். ரிசார்ட்டில் முதலில் வாட்ச்மேன் தடுத்தார், ரூம் புக் பண்ணியிருக்கிறீர்களா என்று. "வண்டியப் பாக்க வந்தேன். உங்க ரூம் வேணாம்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா மேடைமேல் கையை ஊன்றி ஏறினார். கரடியைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். நான் அதை வைத்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

விரலால் தடவித் தடவி வண்டி முழுக்கப் பார்த்தார். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். சின்ன வயது, அரை டிராயர், மரியாதையான பையன்தான். நான் யாரென்று சொன்னேன். அந்தம்மா யாரென்றும் சொன்னேன்.

"பிரேக் நாலும் ஒட்டிக்கினு இருக்குது" என்றார் அந்தம்மா அவரிடம். "பேட்டரி செத்துப்போச்சு. கம்பியில உப்பு ஏறிடுச்சு. மிஷின் இன்னும் போகல. ஐப்பசி மழை வரைக்கும் தாங்கும். அதுக்கப்பறம் அடித் தகடு போகும், கதவு எறங்கும்."

"ஆன்ட்டி, எனக்கு இது போட்டோவுக்குத்தான். ஓடலன்னா பரவால்ல."

"கதவு கழண்டு விழுந்த வண்டிகிட்ட எவன் நின்னு போட்டோ எடுப்பான்?"

அந்தப் பையன் கதவைப் பார்த்தான். லேப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் நான் பார்த்த அதே பயம்.

"இப்ப இன்னா பண்ணணும் ஆன்ட்டி?"

"எறக்கணும். நெழல்ல நிறுத்தணும். வாரத்துக்கு ஒரு வாட்டி அஞ்சு மைல் ஓட்டணும்."

"எனக்கு ஏது நேரம்?"

"இவன் ஓட்டுவான்" என்று என்னைக் காட்டினார். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடலோரமா ஒரு ரவுண்டு."

எனக்குச் சுருக்கென்றது. விழுப்புரத்திலிருந்து போய் வர அரை நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமைதான் என் கடைக்கு ஆள் வருகிற நாள். "யம்மா!" என்றேன். அந்தம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பையன் சிரித்துக்கொண்டே சாவியை என்னிடம் நீட்டினான். நான் கரடியை அவனிடம் கொடுத்தேன்.

ஒரு ஞாயிறு முழுக்கப் பிரேக்கைப் பிரித்து மாட்டுவதில் போயிற்று. அந்தம்மா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். கை முழுக்கக் காயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்பேனரைக் கடலில் வீசியிருப்பேன். அதற்கடுத்த வருடம் ஐப்பசியில் அந்தம்மா இறந்துபோனார். அதுவரைக்கும் உடம்பு முடிந்த ஞாயிறுகளிலெல்லாம் என்னோடு வந்தார். இன்றுவரை நான் போய்க்கொண்டிருக்கிறேன். திட்டிக்கொண்டேதான் போகிறேன்.

பிரேக் சரியான மறு ஞாயிறு முதல்முறையாக வெளியே எடுத்தோம். நான் ஓட்டினேன், அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. கடல் காற்று முகத்தில் அடித்தது. ஒரு நிறுத்தத்தில் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"யோவ், கூரைய எங்கய்யா வுட்டுட்டு வந்த?" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஒழுகற கூரைதான், கழட்டிட்டாங்க!" என்று அந்தம்மா திருப்பிக் கத்தினார்.

உப்பளம் தாண்டியதும் மூன்றாவது கியர் போட்டேன். பல் நறநறவென்று கடித்தது.

"கிளட்ச்ச முழுசா மிதி."

"மிதிச்சுக்கினுதாம்மா இருக்கறேன்."

"மிதிக்கல. முக்கால்தான் மிதிச்ச. ஸ்டியரிங்க இவ்ளோ இறுக்கிப் புடிக்காத. அது என்ன ஓடியா போய்டும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, கடைய மூடிட்டு, கைய உடைச்சிக்கினு, வந்து ஓட்டறேன். வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

அந்தம்மா சேலைத் தலைப்பு காற்றில் பறந்ததை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் என்ன கேட்டேனோ அதை உண்மையாகவே யோசித்தார். அரை மைல் போயிருக்கும்.

"நீ ஓட்டறது மோசம்பா" என்றார். அப்புறம் சொன்னார், "ஆனா ஓட்டற."